மேதகு ஜனாதிபதி அவர்களுக்கு: ஆரம்பகால அமெரிக்காவில் சாமானியர் எழுதிய கடிதங்கள்

1808ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாஸ்டன் நகரத்திலிருந்து ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'நரகத்து அயோக்கியனே' என்ற பொருள்படும் விளியோடுதான் கடிதமே ஆரம்பிக்கிறது. இந்தப் பாழாய்ப்போன தடையை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொண்டு எங்களைப் போன்ற ஏழைகளைப் பட்டினி போடப் போகிறாய் என்று கேட்கிறார். தன் பிள்ளைகளில் ஒன்று பட்டினியால் ஏற்கெனவே இறந்துவிட்டது என்றும், அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஏதோ திடீர் நோய் கண்டு இறந்ததாக ஊராரிடம் சொல்லிவைத்ததாகவும் எழுதுகிறார். மீதி மூன்று பிள்ளைகளும் சீக்கிரம் போய்விடும் என்று எதிர்பார்க்கிறாராம்.

அடுத்த மாதமே அதே பாஸ்டனிலிருந்து இன்னொரு கடிதம். அக்டோபர் 10ஆம் தேதிக்குள் தடையை நீக்காவிட்டால் உன்னைச் சுட்டுவிடுவதற்காக என் நண்பர்கள் நான்கு பேருக்கு 400 டாலர் தருவதாகப் பேசி முடித்திருக்கிறேன் என்கிறது அது. கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து உழைத்தாவது அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவாராம். கூலி பேசிக் கொலை செய்யும் அளவுக்கு வசதி உள்ளவர் இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

தடை என்று இவர்கள் சொல்வது 1807 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட எம்பார்கோ சட்டத்தை. நெப்போலியன் போரில் பிரிட்டனும் பிரான்சும் மாறி மாறி அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தன. பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்க மாலுமிகளைக் கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனது. போர் தொடுக்காமல் இவர்களுக்குப் பாடம் கற்பிக்க ஜெஃபர்சன் கண்ட வழி, அமெரிக்கக் கப்பல் எதுவும் அந்நியத் துறைமுகத்துக்குப் போகக்கூடாது என்பது. 1807இல் ஏறத்தாழ 10 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டே 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு வீழ்ந்தது. பொருளாதார வரலாற்று நூல்களில் இந்த எண்களோடு விஷயம் முடிந்துவிடும். பட்டினிச் சாவைச் சொல்ல வெட்கப்பட்ட தகப்பனைத் தெரிந்துகொள்ள அந்தக் கடிதத்துக்குத்தான் போகவேண்டும். வறுமையைவிட வறுமை வெளியே தெரிவது கொடிது என்று நினைக்கிற மனிதர்களை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இப்படிப்பட்ட கடிதங்கள் எப்படிப் பிழைத்துக் கிடந்தன என்பது தனிக்கதை. ஜெஃபர்சன் எதையும் தூக்கி எறியாதவர். 1783 முதல் 1826இல் இறக்கும் வரை, தான் எழுதிய கடிதம், தனக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றையும் ஒரு பேரேட்டில் பதிவு செய்தார். அது 656 பக்கம் நீள்கிறது. தான் எழுதுவதற்கு நகல் எடுக்க 1804 முதல் 'பாலிகிராஃப்' என்ற கருவியைப் பயன்படுத்தினார். ஒரு பேனாவால் எழுதும்போது அதோடு பிணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். ஆனால் பல காலம் வரை பதிப்பாசிரியர்களுக்குப் பெரிய மனிதர் எழுதிய கடிதங்கள் மட்டுமே பொருட்டாக இருந்தன. 1950இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஜூலியன் பாய்ட் வெளியிடத் தொடங்கிய ஜெஃபர்சன் ஆவணத் தொகுதிதான், அவருக்கு வந்த கடிதங்களையும் சமமாகச் சேர்த்துப் பதிப்பித்தது. பின்பு 1991இல் ஜாக் மெக்லாஃப்லின், ஜனாதிபதி ஜெஃபர்சனுக்குச் சாமானியர்கள் எழுதியவற்றை மட்டும் தேர்ந்து ஒரு நூலாகக் கொண்டுவந்தார். 2013 முதல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன் முதலானோரின் ஆவணங்கள் 1,80,000க்கு மேல் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் இவற்றில் பெரும்பாலானவற்றை வாசித்தது அங்கேதான். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்தவர் காதில் கேட்டபடி எழுதிய ஆங்கிலம் அது. அந்தப் பிழைகளுக்கு நிகராகத் தமிழில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொச்சைத் தமிழில் பெயர்த்தால் அவரைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடும் என்பதால் இங்கே சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஏழைகள் இவ்வளவு தாராளமாகக் கடிதம் எழுத இன்னொரு காரணமும் உண்டு. தபால் தலை இல்லாத காலம். தபால்கட்டணத்தைப் பொதுவாகக் கடிதத்தைப் பெறுகிறவர்தான் செலுத்தவேண்டும். 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒற்றைத் தாளுக்கு 30 மைல் வரை 6 சென்ட். 450 மைலுக்கு மேல் போனால் 25 சென்ட். கூலிக்காரர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல. உறையும் கிடையாது, அது ஒரு தாளாகக் கணக்கில் ஏறிவிடும் என்பதால் எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து அனுப்புவார்கள். ஆனால் ஜனாதிபதிக்குப் போகிற, அவரிடமிருந்து வருகிற கடிதங்களுக்குக் கட்டணம் கிடையாது. பக்கத்து மாநிலத்துத் தம்பிக்கு எழுதினால் தம்பிக்குச் செலவு. ஜனாதிபதிக்கு எழுதினால் யாருக்கும் செலவில்லை!

பதவியிலிருந்து இறங்கிய பிறகும் ஜெஃபர்சனுக்கு இந்தச் சலுகை தொடர்ந்தது, ஆகவே தொல்லையும் தொடர்ந்தது. 1820ஆம் ஆண்டு ஒரே ஆண்டில் தனக்கு வந்த கடிதங்களை எண்ணிப் பார்த்தபோது 1,267 இருந்ததாக 1822இல் ஜான் ஆடம்ஸுக்கு எழுதுகிறார். இதுவும் ஒரு வாழ்க்கையா என்று நொந்துகொண்டு தன்னை ஆலை சுற்றும் குதிரைக்கு ஒப்பிடுகிறார். நம்மூராக இருந்தால் செக்குமாடு என்றிருப்பார். கண்டுபிடிப்பாளர்கள், கவிதை எழுதி அனுப்பியவர்கள், மதம் மாறச் சொன்னவர்கள், கடன் கேட்டவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. கடன் கேட்டவர்களைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. ஜெஃபர்சன் சாகும்போது அவருக்கே ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் இருந்தது.

மிகப் பெரும்பான்மை வேலை கேட்கும் கடிதங்கள். 1789இல் வாஷிங்டன் பதவி ஏற்பதற்கு முன்பே அவை வந்து குவியத் தொடங்கிவிட்டன. அவற்றில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் வேலை கேட்காமல், பறிபோன வேலையைத் திருப்பிக் கேட்ட ஒரு பெண்ணின் கடிதம் வேறு ரகம்.

மேரி கேதரின் கோடர்ட் 1775 முதல் பால்டிமோர் நகரத்தின் தபால் நிலையத் தலைவர். அச்சகமும் நடத்தினார். 1777 ஜனவரியில், சுதந்திரப் பிரகடனத்தைக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு முதன்முதலாக அச்சிட்டவர் இவரே. பிரிட்டன் வென்றிருந்தால் அந்தப் பெயர்ப் பட்டியலே தூக்குமேடைப் பட்டியலாகியிருக்கும். அதன் அடியில் அச்சிட்டவர் என்று தன் முழுப்பெயரையும் போட்டார். போர்க்காலத்தில் தபால் துறையில் பணம் இல்லாதபோது, குதிரையில் தபால் கொண்டுபோகிறவர்களின் கூலியைத் தன் கைக்காசிலிருந்து பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறார். 1789இல் புதிய அரசு அமைந்தவுடன் அவரை நீக்கி அன்னாபொலிஸ்காரர் ஒருவரை நியமித்தார்கள். அந்தப் பதவிக்கு இனி நிறையக் குதிரைப் பயணம் செய்யவேண்டியிருக்கும், பெண்ணால் முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். பால்டிமோர் வணிகர்களும் பிரமுகர்களும் 200க்கு மேற்பட்டவர்கள் அவருக்காகக் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். நடக்கவில்லை. டிசம்பர் 23ஆம் தேதி அவர் வாஷிங்டனுக்கே எழுதினார்.

அந்த மனுவில் கெஞ்சல் குறைவு, கணக்கு அதிகம். பதினான்கு ஆண்டுகள் எப்படி நடத்தினேன், எவ்வளவு கைக்காசு போட்டேன், என்மேல் என்ன குறை கண்டீர்கள் என்ற வரிசையில் போகிறது. வாஷிங்டன் 1790 ஜனவரி 6ஆம் தேதி பதில் எழுதினார். என் நேரடி அதிகாரத்துக்கு உட்படாத நியமனங்களில் நான் தலையிடுவதில்லை என்பது பதிலின் சாரம். மரியாதையான, முறையான, எந்தப் பயனும் இல்லாத பதில். அதற்குப் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தப் பெண்மணி புத்தகக்கடை நடத்திப் பிழைத்தார். 1807இல் பதவிகளுக்குப் பெண்களை நியமிக்கலாமே என்ற பேச்சு வந்தபோது, இந்தப் புதுமைக்குப் பொதுமக்களும் தயாராக இல்லை, நானும் தயாராக இல்லை என்று ஜெஃபர்சன் தன் நிதியமைச்சர் காலட்டினுக்கு எழுதினார். பால்டிமோர் மக்கள் 200 பேர் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தார்கள் என்பதை அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை போலும்.

மேரி கேதரினின் தம்பி வில்லியம் கோடர்டும் அச்சுத் தொழிலில் இருந்தவர். (அக்காளுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை, அது இங்கே வேண்டாம்.) அவர் பால்டிமோரில் அச்சிட்ட ஒரு பஞ்சாங்கம்தான் அமெரிக்க வரலாற்றின் மிக முக்கியமான கடிதங்களில் ஒன்றுக்குக் காரணமாயிற்று. 1792ஆம் ஆண்டுக்கான அந்தப் பஞ்சாங்கத்தைக் கணித்தவர் பெஞ்சமின் பேனக்கர். மேரிலாந்தில் 1731இல் பிறந்த சுதந்திரக் கறுப்பினத்தவர், புகையிலை விவசாயி. தகப்பனார் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பேனக்கர் இருபத்திரண்டு வயதையொட்டி, முழுக்க மரத்தாலேயே மணி அடிக்கும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். ஐம்பது வயதுக்கு மேல், பக்கத்தில் குடியிருந்த எல்லிகாட் குடும்பத்தார் கடன் கொடுத்த புத்தகங்களையும் கருவிகளையும் வைத்து வானியலைத் தானே கற்று, கிரகணங்களைக் கணித்தார். 1791இல் புதிய தலைநகருக்கு நிலம் அளந்த குழுவிலும் சில மாதங்கள் வேலை செய்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி, பஞ்சாங்கம் அச்சேறுவதற்கு முன்பே, தன் கையால் எழுதிய பிரதி ஒன்றை அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். கூடவே நீண்ட கடிதம். பஞ்சாங்கத்துக்கு முகவுரைபோல ஆரம்பித்த கடிதம் வேறு எங்கோ போகிறது. பிரிட்டிஷ் மன்னரின் கொடுமையில் நீங்கள் அடிமைகள்போல் துன்பப்பட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள் என்கிறார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று நீங்கள் எழுதினீர்களே என்று சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தையே எடுத்து, அதை எழுதிய ஆளின் முன் வைக்கிறார். அப்படி எழுதிய நீங்களே என் சகோதரர்களை வஞ்சகத்தாலும் வன்முறையாலும் பிடித்து வைத்திருக்கிறீர்கள், பிறரிடம் வெறுத்த அதே குற்றத்தைச் செய்கிறீர்கள் என்று நேருக்கு நேர் சொல்கிறார். இவ்வளவையும் அந்தக் காலத்துப் பணிவு வாசகங்களின் ஊடே சொல்வதுதான் சாமர்த்தியம். ஒவ்வொரு 'ஐயா'வுக்குப் பின்னாலும் ஓர் அடி விழுகிறது.

பதினோரு நாளில் பதில் வந்தது. கறுப்பின மக்களுக்கும் மற்றவர்களுக்கு நிகரான திறமைகள் உண்டு என்பதற்கு இத்தகைய சான்றுகளைக் காண என்னைவிட விரும்புகிறவர் யாரும் இல்லை என்று ஜெஃபர்சன் எழுதினார். பஞ்சாங்கத்தைப் பாரிஸ் அறிவியல் கழகச் செயலாளர் கோந்தோர்சேவுக்கு அனுப்பியதாகவும் தெரிவித்தார். அடிமை முறையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பேனக்கர் என்ன செய்தார் என்றால், இரண்டு கடிதங்களையும் சேர்த்து 1792இல் சிறு நூலாக வெளியிடச் செய்துவிட்டார். ஒருவருக்கு ஒருவர் எழுதிய கடிதம் ஊர்ப் பொதுவில் வந்தது. 1796 தேர்தலில் ஜெஃபர்சனின் எதிரிகள், கறுப்பருக்குக் குழைந்து பதில் எழுதியவர் என்று இதை வைத்தே அவரைக் கேலி செய்தார்கள்.

ஜெஃபர்சனின் உள்மனது 1809இல் ஜோயல் பார்லோ என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்பட்டது. பஞ்சாங்கம் கணிக்கும் அளவுக்கு அந்த ஆளுக்குக் கோள முக்கோணவியல் தெரிந்திருந்தது, ஆனால் எல்லிகாட் உதவியிருப்பாரோ என்ற சந்தேகமும் உண்டு, எனக்கு எழுதிய நீண்ட கடிதத்தைப் பார்த்தால் மிகச் சாதாரண மூளை என்றுதான் தெரிகிறது என்கிறார். பேனக்கர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கடிதத்துக்கு இரண்டு பதில்கள்; ஒன்று எழுதியவருக்கு, மற்றது அவர் பார்க்கமுடியாத இடத்துக்கு. ஜெஃபர்சனைப் பற்றிய மற்ற குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் காலத்தைக் காரணம் காட்டி வாதாடுகிறவர்கள்கூட இந்த இரண்டாவது பதிலுக்கு என்ன சமாதானம் சொல்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் 'காலத்தில்'தானே பேனக்கரும் இருந்தார், கோந்தோர்சேயும் இருந்தார்.

வாஷிங்டனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆயினும் ஃபிலிஸ் வீட்லி விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1761இல் பாஸ்டனுக்குக் கொண்டுவந்து விற்கப்பட்ட பெண். கப்பலின் பெயரே அவள் பெயராயிற்று. 1773இல் லண்டனில் கவிதை நூல் வெளியிட்டார். 1775 அக்டோபர் 26ஆம் தேதி, சேனாதிபதியாகப் பொறுப்பேற்றிருந்த வாஷிங்டனுக்கு ஒரு கவிதையோடு கடிதம் அனுப்பினார். போர் நடுவே, 1776 பிப்ரவரி 28ஆம் தேதி வாஷிங்டன் பதில் எழுதினார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறார். கவிதையை வெளியிட்டால் தற்பெருமை என்று ஆகிவிடுமோ என்று தயங்கியதைச் சொல்கிறார். கேம்பிரிட்ஜ் பக்கம் வந்தால் சந்திக்கலாம் என்கிறார். 'மிஸ் ஃபிலிஸ்' என்று விளித்து, தங்கள் பணிவான ஊழியன் என்று கையெழுத்திட்டிருக்கிறார். அது சம்பிரதாய வாசகம்தான். ஆனாலும் வர்ஜினியா நிலக்கிழார் ஒருவர், மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமையாக இருந்த பெண்ணுக்கு அந்தச் சம்பிரதாயத்தைக் குறைக்காமல் கொடுத்திருக்கிறார். இதே வீட்லியின் கவிதைகளை விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று தள்ளியவர் ஜெஃபர்சன்.

மதச் சிறுபான்மையினர் எழுதியவை நன்கு அறியப்பட்டவை என்பதால் விரிக்கவில்லை. 1790 ஆகஸ்டில் ரோட் தீவின் நியூபோர்ட் நகர யூதர்கள் சார்பில் மோசஸ் செய்ஷாஸ் வாஷிங்டனுக்கு வரவேற்பு மடல் அளித்தார். மதவெறிக்கு இடங்கொடாத அரசு என்று வாஷிங்டனின் புகழ்பெற்ற பதிலில் வரும் தொடர் செய்ஷாஸின் மடலிலிருந்தே எடுத்தது. புகழ் மட்டும் வாஷிங்டனுக்கு. கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் பதில் எழுதியது 1802 ஜனவரி 1ஆம் தேதி. மதத்துக்கும் அரசுக்கும் இடையில் சுவர் என்ற உவமை அதில்தான் வருகிறது.

அதே நாளில் அவர் வாசலுக்கு வந்த இன்னொரு பாப்டிஸ்டு கூட்டத்தின் மடல் அவ்வளவு பிரபலமில்லை, ஆனால் ருசிகரமானது. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செஷையர் என்ற ஊர் விவசாயிகள் தங்கள் மடலோடு 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டியை அனுப்பியிருந்தார்கள். நம் கணக்கில் 560 கிலோ. எதிர்க்கட்சிக்காரரின் பசுவிலிருந்து ஒரு சொட்டுப் பால்கூட அதில் கலக்கவில்லை என்பது அந்தக் காலத்துப் பேச்சு. மடலில் ஒரு வரி: இதைச் சுதந்திர விவசாயிகளும் அவர்கள் மனைவி மக்களும் தங்கள் உழைப்பால் செய்தோம், ஓர் அடிமையின் கைகூட இதில் படவில்லை. நூற்றுக்கணக்கான அடிமைகளின் எஜமானர் அதை வாங்கிக்கொண்டு, அன்பளிப்பு பெறுவதில்லை என்ற தன் கொள்கைப்படி 200 டாலர் கொடுத்தார்.

யாருமே படிக்கமுடியாத கடிதமும் வந்ததுண்டு. 1807 அக்டோபரில் ஒருவர் ஜெஃபர்சனிடம் அரபு மொழியில் எழுதிய தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கென்டக்கியில் பிடித்து வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க முஸ்லிம்கள் இருவர் எழுதியவை அவை. எழுத்தறிவற்றவர்கள் என்று நாடே நினைத்த கூட்டத்திலிருந்து, ஜனாதிபதிக்கே தெரியாத எழுத்தில் கடிதம்! படித்துச் சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று அவர் அதை ஃபிலடெல்ஃபியாவிலிருந்த பேராசிரியர் ராபர்ட் பேட்டர்சனுக்கு அனுப்பினார். இந்தத் தாள்களின் கதையை ஜெஃப்ரி ஐன்போடன் 2020இல் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

குடிமக்களின் கடிதங்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன், ஆனால் நான் மிகவும் விரும்பிப் படித்தவற்றை எழுதியவர்கள் பலர் சட்டப்படி குடிமக்களே அல்லர். 1790ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. 1797இல் வட கரோலினாவில் விடுதலை பெற்று, மீண்டும் பிடித்து விற்கப்படும் அபாயத்துக்குத் தப்பி ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிவந்த கறுப்பினத்தவர் நால்வர் காங்கிரசுக்கு மனு எழுதினார்கள். அதைப் பெற்றுக்கொள்ளலாமா என்பதே வாக்கெடுப்புக்குப் போய், வேண்டாம் என்று 50க்கு 33 என முடிவாயிற்று. மனுவை நிராகரிக்கவில்லை, வாங்கவே மறுத்துவிட்டார்கள். பாஸ்டன்காரரின் வசைக் கடிதத்தைக்கூட வாங்கி வைத்துக்கொண்ட அரசு அது.

கடைசியாக ஒரு சின்னக் கடிதம். ஜெஃபர்சனுக்கு மான்டிசெல்லோவிலிருந்து சுமார் 90 மைல் தொலைவில் பாப்லர் ஃபாரஸ்ட் என்று இன்னொரு பண்ணை வீடு உண்டு. அங்கே அடிமையாக வேலை செய்த ஹன்னா என்ற பெண் 1818 நவம்பர் 15ஆம் தேதி அவருக்கு எழுதினார். எஜமானரே, உங்கள் வீடும் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன, தெரிந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று ஆரம்பிக்கிறார். உடம்பு சரியில்லாமல் இந்த இலையுதிர் காலத்தில் வரமாட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், வருத்தமாக இருந்தது. பிழைத்தது கடவுளால்தான், வேறு யாராலும் அல்ல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டளைப்படி நடக்கவேண்டும். இந்தப் பேதையின் கடிதம் உங்களுக்குப் பெரிய ஆறுதல் தராது. நாங்கள் எல்லோரும் சுகம்.

கால்புள்ளி, முற்றுப்புள்ளி அதிகம் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிய கடிதம். எழுபத்தைந்து வயது தத்துவவாதிக்கு, சுதந்திரப் பிரகடனத்தின் ஆசிரியருக்கு, கடவுளுக்குக் கீழ்ப்படியச் சொல்லி அவருடைய அடிமை புத்தி சொல்கிறாள். ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் அவருக்கு எழுதியவர்களின் கடிதங்கள் மிகச் சிலவே நம்மிடம் இருக்கின்றன. ஹன்னாவின் அந்த ஒரு பக்கம் அவற்றில் ஒன்று.